கன்னியப்பன் வண்டியின் முன் ஆக்சில்

என்னிடம் தொழில் கற்ற தம்பிகளே, பட்டறையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்த அன்று, அனுபவத்தை ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றீர்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதோடு சரி. பேச்சும் வராது. அது உங்களுக்கே தெரியும். எஞ்சின் இறக்குவது, கியர்பெட்டி பிரிப்பது எல்லாம் இப்போது என்னைவிட நீங்கள் வேகமாகச் செய்கிறீர்கள். அதை நான் எழுத வேண்டியதில்லை. ஒரே ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன்.

பின்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. அதில் நாலு உடைந்த ஆக்சில் கம்பிகள் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரு பால் டின். டின்னுக்குள் பல்சக்கரத்தின் பல் ஒன்று, ஒரே ஒன்று. பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடலாமா என்று போன மாதம் கேட்டீர்கள். நான் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. இதுதான் காரணம்.

அப்படிப் பலகை போட்டு வைக்கும் பழக்கம் நான் முதலில் வேலை பார்த்த சீனத் தவுக்கேயிடமிருந்து வந்தது. உடைந்த சாமானை உடனே வீசக்கூடாது, ஒரு மாதமாவது கண்ணில் படுகிற இடத்தில் வை என்பார் அந்த முதலாளி. ஏன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பது வருஷம் அவர் சொன்னபடி வைத்துக்கொண்டே வந்தேன். வைத்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்தது குறைவு.

கன்னியப்பன் அண்ணன் தேயிலை எஸ்டேட்டில் லோரி ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எஸ்டேட் துரை அவரை மேல் டிவிஷன் தொழிலாளர் லைன் வீட்டிலேயே இருக்க விட்டிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் ஈப்போவில். வீட்டில் அவரும் அவர் மனைவி லெட்சுமி அக்காவும் மட்டும். அக்கா இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். அண்ணன் கம்போங் ராஜா பக்கம் ஒரு முட்டைக்கோசுத் தோட்டத்துக்குக் கூடை ஏற்றி இறக்க, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர்வீல் வண்டி ஒன்று வைத்திருந்தார். தினமும் ஓடும் வண்டி. முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் ஒரே சீட். இடது பக்கக் கதவு சரியாக மூடாது, குளிர்காற்று உள்ளே வரும்.

லைனிலிருந்து தார்ச்சாலைக்கு ஏழு கிலோமீட்டர் மண்பாதை. தேயிலைச் சரிவை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். மழை பெய்தால் சோப்பு மாதிரி இருக்கும். முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் ஏற முடியும்.

அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பதினொரு மணிக்கு மிஷின். நாலு மணி நேரம். அண்ணன் ஒன்பது மணிக்கு லைனை விட்டுக் கிளம்புவார். ஒன்பதரைக்கு என் பட்டறை வாசலைத் தாண்டும்போது ஒரு ஹார்ன் அடிப்பார். நான் கையைத் தூக்குவேன். நான் தனி ஆள். பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் குடியிருந்தேன். சில நாள் காலையில் நான் பதில் சொல்லும் முதல் குரல் அந்த ஹார்ன்தான்.

அந்த வண்டியில் முன் ஆக்சில் கம்பி உடைந்துகொண்டே இருந்தது. ஒரே வருஷத்தில் நாலு. நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு பலத்தைக் கொண்டு போகிற கம்பி அது. உடைந்தால் முன்சக்கரம் இழுக்காது, ஆனால் உருளும். பின்சக்கரத்தை வைத்துக்கொண்டு, வழுக்காமல் இருக்க அதில் சங்கிலி சுற்றிக் கட்டி, மெதுவாக வீடு போய்ச் சேரலாம். அண்ணன் லோரிக்காரர் என்பதால் மாற்றுக் கம்பி ஒன்றும் ஸ்பேனர் வைக்கும் சாவிப் பெட்டியும் எப்போதும் வண்டியில் வைத்திருப்பார். மறுநாள் தானே மாற்றிவிட்டு, உடைந்ததை என்னிடம் கொண்டு வந்து போடுவார். நான் பலகையில் வைப்பேன்.

நாலாவது கம்பி உடைந்தபோது வண்டி பாதி மேட்டில் நின்றுவிட்டது. சங்கிலி கட்டியும் அசையவில்லை. சிகிச்சை முடிந்து வந்த மனுஷி மழையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வீடு போனார். மறுநாள் அண்ணன் வந்து பட்டறை வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"போமன், ஒடையாம பண்ணிக் குடு. வேற ஒண்ணும் வேணாம்."

இங்கே மெக்கானிக்குக்குப் போமன் என்றுதான் பேர். நான் சரி என்றேன். எத்தனை நாள் என்று கேட்டார். சனி, ஞாயிறு என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஈப்போவிலிருந்து தடித்த கம்பி வரவழைத்தேன். நல்ல இரும்பு. மூட்டும் பெரியது. சக்கரத்தின் நடுவில், முன்சக்கரத்தைக் கம்பியிலிருந்து கையாலேயே விடுவிக்கிற ஃப்ரீவீல் ஹப் இருந்தது. திருகினால் போதும், சக்கரம் தனியாக உருளும். அது ஒரு பலவீனம் என்று நினைத்துக் கழற்றினேன். அந்த இடத்தில் ஆறு போல்ட் போட்ட கெட்டி இரும்புத் தட்டு வைத்தேன். இரண்டு பக்கமும். நடுப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். பல் எல்லாம் நன்றாக இருந்தது. மூடிவிட்டேன்.

ஞாயிறு மாலை வண்டி எடுக்க இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து தட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது ஒடையாது, சரி. இனிமே எது ஒடையும்?"

"எதுவும் ஒடையாதுக்கா."

"அப்படி ஒரு சாமான் இருக்கா லா? இருந்தா எனக்கும் ரெண்டு வாங்கிக் குடு, உள்ள வச்சிக்கிறேன்" என்று இடுப்பைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "நல்லா ஜோடி சேந்தீங்க. வாயத் தொறந்தா ஈ பூந்துரும்" என்றார்.

சாவிப் பெட்டி அக்கா கால் வைக்கிற இடத்தில் கிடந்தது. கால் நீட்ட முடியாமல் உட்கார்ந்து வந்திருக்கிறார். இனிமேல் இது எதற்கு அண்ணே என்று சொல்லி, நானே அந்தப் பெட்டியையும் மாற்றுக் கம்பியையும் இறக்கிப் பட்டறையில் வைத்துக்கொண்டேன். அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஐந்து மாதம் ஒன்றும் உடையவில்லை. ஒன்பதரைக்கு ஹார்ன். நான் கையைத் தூக்குவேன். என் வேலை நிற்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு மழை பிடித்தது. ஒரு திங்கட்கிழமை சாலையில் மண் சரிந்து வழியை அடைத்துவிட்டது. அன்று அக்காவால் போக முடியவில்லை. செவ்வாய் மிஷின் காலியில்லை, புதன்கிழமையே வரச் சொன்னார்கள். வெள்ளிக்குப் பிறகு புதன். ஐந்து நாள். உடம்பில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். முகம் ஊதும், மூச்சு வாங்கும். புதன்கிழமையைத் தவற விடக்கூடாது என்பது அண்ணனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

புதன் காலை ஒன்பதரைக்கு ஹார்ன் வரவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு ஒரு லோரிக்கு பிரேக் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. மண்பாதையில் சிக்னல் கிடையாது. அண்ணன் சரிவில் ஏறி, கிடைக்கிற இடம் வரை போய்க் கூப்பிட்டிருக்கிறார். மூச்சு இரைத்தது.

"போமன், முன்சக்கரம் ரெண்டும் சிக்கிக்கிச்சு. சுத்தவே மாட்டேங்குது. ரோட்டுக்குக் குறுக்க நிக்கிது. அவளுக்கு முடியல."

வர்றேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். போகும் வழியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கம்பி உடையவில்லை. கம்பி தாங்கிவிட்டது. அது தாங்கியதால் அடி நடுப்பெட்டிக்குப் போயிருக்கிறது. பல் உடைந்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் சிக்கியிருக்கிறது. முன்பு உடைந்தபோதெல்லாம் சக்கரம் உருண்டது. இப்போது உருளவில்லை. இறக்கத்தில் இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை, வண்டி நேராகச் சறுக்கும். ஒரு பக்கம் பள்ளம் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

நான் போனபோது வண்டி மண்சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் ஒரு முழம். கடைசி நேரத்தில் அண்ணன் கைபிரேக்கை இழுத்து வண்டியின் பின்பக்கத்தைச் சுழற்றியிருக்கிறார். வேறு ஆளாக இருந்தால் வண்டி கீழே போயிருக்கும். வண்டி குறுக்கே நின்றதால் பாதை அடைபட்டுவிட்டது. மேலே எஸ்டேட் லோரி கொழுந்து மூட்டையோடும் கொழுந்து எடுக்கும் பெண்களோடும் நின்றது, தாண்ட முடியாது. கீழிருந்து அந்த மழைப்பாதையில் மோட்டாரையும் ஃபோர்வீலையும் தவிர எதுவும் ஏறாது. ஆம்புலன்ஸும் ஏறாது.

அக்கா முன்சீட்டில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. மூச்சு மேல்மூச்சாக இருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா தம்பி, இவரு மேட்டுல ஏறி எறங்கி அவரே நோயாளி ஆயிட்டாரு" என்றார்.

மோட்டாரில் பின்னால் உட்கார வைத்துக் கொண்டு போகலாமா என்று பார்த்தேன். அவரால் பிடித்துக்கொள்ள முடியாது. லோரியில் வந்த பெண்கள் சாக்கில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம் என்றார்கள். இன்னும் நாலு கிலோமீட்டர், சேற்றில். மாற்று வண்டி சொல்லி அனுப்பினால் கம்போங் ராஜாவிலிருந்து வர வேண்டும். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து நடுப்பெட்டியின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஏன் அப்படிச் செய்தேன்? பெட்டிக்குள் பல் உடைந்திருப்பது எனக்குத் தெரியும். திறந்தால் உடைந்த பல்லைத்தான் பார்ப்பேன். அதை அங்கே சரி செய்ய முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் என் கை அங்கேதான் போனது. எங்கே கோளாறோ அங்கே போவதற்குப் பழகிய கை. எண்ணெய் முகத்தில் கொட்டியது. இருபது நிமிடம் போனது.

அக்காவின் குரல் மேலேயிருந்து வந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு எடுத்துப் பேசினார்.

"தம்பி. அங்க என்னா பண்ற?"

"பெட்டியத் தொறக்கிறேன்க்கா."

"தொறந்து?"

நான் அடுத்த போல்ட்டைத் திருகினேன்.

"சக்கரம் சுத்துனா போதும்ல?"

ஸ்பேனரை நிறுத்தினேன். பிறகு வெளியே வந்தேன்.

சக்கரத்துக்கு ஆறு போல்ட். இரண்டு பக்கமும் பன்னிரண்டு. தட்டைக் கழற்றிவிட்டால் சக்கரத்துக்கும் கம்பிக்கும் தொடர்பு இல்லை. பெட்டி சிக்கினால் சிக்கட்டும், சக்கரம் தானாக உருளும். பிரேக் பிடிக்கும். பின்சக்கரம் தள்ளும். பழைய ஃப்ரீவீல் ஹப் இருந்திருந்தால் இந்த வேலைக்கு ஸ்பேனரே தேவையில்லை. அண்ணன் கையால் திருகிவிட்டு, அந்நேரம் வழியில் உள்ள திரிங்காப்பைத் தாண்டியிருப்பார். சாவிப் பெட்டி வண்டியில் இருந்திருந்தால்கூட, கைப்பேசியில் ஆறு போல்ட்டைக் கழற்றுங்கள் அண்ணே என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இரண்டையும் நான்தான் எடுத்திருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தையும் நான் சொல்லவில்லை.

தட்டுகள் இறுக்கமாகப் பிடித்திருந்தன. ஜாக்கில் தூக்கி, சுத்தியலால் தட்டி, இரண்டையும் எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. சேறு போகாமல் இருக்கத் துணியும் பிளாஸ்டிக் பையும் வைத்துக் கட்டினேன். லோரியில் வந்த பெண்களும் டிரைவரும் சேர்ந்து வண்டியை நேராகத் தள்ளினார்கள். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தார். நான் இடது பக்கக் கதவைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா நடுவில்.

அன்று பள்ளி விடுமுறை. திரிங்காப்பிலிருந்து சாலை முழுக்கக் காய்கறி லோரியும் சுற்றுலா பஸ்ஸும். ஊர்ந்துதான் போனோம். அக்கா பேசுவதை நிறுத்திவிட்டார். அது எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் ஒரு கையால் ஓட்டினார். மறுகை அக்கா முழங்கால் மேல் இருந்தது.

பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்க்காரப் பெண். நேரம் தப்பிவிட்டது என்று ஒன்றும் சொல்லவில்லை. அக்கா முகத்தைப் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவு மூடியது.

வெளியே ஒரு பெஞ்சு. அண்ணன் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். என் சட்டை முழுக்க எண்ணெய். ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மிஸ்ஸி வந்து எட்டிப் பார்த்து, மலாயில், மூச்சு சீராகிவிட்டது, தூங்குகிறார் என்றார். அண்ணன் தலையை ஆட்டினார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியது.

"அண்ணே, அந்த நாலு கம்பியும் எப்ப ஒடஞ்சிச்சு?"

"எப்பன்னா?"

"போகையிலயா, வரையிலயா?"

அவர் யோசித்தார். "வரையில. நாலும் வரையிலதான்."

"ஆஸ்பத்திரி நாளா?"

"ஆமா. கோசு ஏத்துற நாள்ல ஒண்ணும் ஆனதில்ல."

நான்கு சக்கரமும் இழுக்கப் போடுகிற லிவர் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். மண்பாதை தொடங்கும் இடத்தில்தான் போடுவேன் என்றார். லோரி ஓட்டியவர், அவருக்குத் தெரியாதது இல்லை. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கும், அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் கழிந்துவிடும். தாரில் வழுக்காது. இந்த மலைச்சாலையில் நூறு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். லிவரைப் போட்டுக்கொண்டு தாரில் ஓட்டினால், ஓட இடமில்லாமல் நடுவில் இருக்கிற இரும்பு துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

"ஆஸ்பத்திரிலேருந்து திரும்புறப்பவும் அங்கதான் போடுவீங்களா?" என்றேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்த நாள்ல மட்டும் இங்கேயே போட்டுருவேன். ஏறுறப்பவே."

"ஏன்?"

"ஏறுன ஒடனே தூங்கிருவா. குளுரும் அவளுக்கு. அந்தக் கதவுல காத்து வருதுல்ல, நடுவுல ஒக்காந்து எம்மேல சாஞ்சிக்குவா. கம்பளியச் சுத்தி விட்டுருவேன். லிவரு அவ காலுக்கு அடியில போயிரும். மண்ரோடு வந்ததும் எழுப்பணும். எழுப்ப மனசு வரல."

அவ்வளவுதான் விஷயம்.

இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலை, எல்லா வளைவும், நான்கு சக்கரமும் கட்டிப் போட்டபடி. வாரத்துக்கு மூன்று தடவை. எந்தக் கம்பி தாங்கும்? நான் தடித்த கம்பி போட்டேன். அவர் அப்படியேதான் ஓட்டினார். ஐந்து மாதம் அந்த முறுக்கு முழுவதையும் நடுப்பெட்டி வாங்கிக்கொண்டு, ஒரு காலை இறக்கத்தில், போகக்கூடாத நேரத்தில் போனது.

அன்று மாலை பட்டறைக்கு வந்து பலகையில் இருந்த நாலு கம்பியையும் எடுத்துப் பார்த்தேன். நாலும் ஒரே பக்கம் முறுக்கியிருந்தன. நீங்களும் எடுத்துப் பாருங்கள். கல்லில் ஏறி அடிபட்டு உடைந்தால் அப்படி முறுக்காது, வெடுக்கென்று போகும். கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தால் அது பல நாள் வேதனை. அது என் கண் முன்னால் ஒரு வருஷம் கிடந்தது. இரும்பு சரியில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஆளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேர வேலையை அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்தேன். லிவரைச் சூடாக்கி, ஸ்டியரிங் பக்கமாக வளைத்தேன். குமிழ் அண்ணனின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கம்பளிக்கு வெளியே. யாரையும் எழுப்ப வேண்டாம். நடுப்பெட்டிக்கு வேறு பல்சக்கரம் போட்டேன்; அதற்குள் உடைந்து கிடந்த பல்தான் அந்தப் பால் டின்னில் இருக்கிறது. தடித்த கம்பி இருக்கட்டும் என்று விட்டேன். ஆனால் கெட்டித் தட்டைக் கழற்றிவிட்டு ஃப்ரீவீல் ஹப்பைத் திரும்ப மாட்டினேன். ஏதாவது உடைய வேண்டும் என்றால் வெளியே, கைக்கு எட்டுகிற இடத்தில் உடையட்டும்.

சாவிப் பெட்டியை வண்டியில் ஏற்றினேன். கால் இடிக்காமல் சீட்டுக்குப் பின்னால் கட்டினேன். பிறகு இரண்டு பேரையும் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, எது எதற்கு, எது போனால் என்ன செய்ய வேண்டும், எப்படித் திருக வேண்டும் என்று சொன்னேன். அண்ணனுக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். இடது கதவையும் சரி செய்து தருகிறேன் என்றேன்.

"கதவ விடு லா" என்றார் அக்கா. "அதச் சரி பண்ணிட்டா, அந்தப் பக்கம் தள்ளி ஒக்காரச் சொல்லுவாரு."

அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மூன்று வருஷம் அந்த வண்டி அப்படியே ஓடியது. ஆக்சில் உடையவில்லை, பெட்டி உடையவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அக்கா ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார். வடையோ, சுண்டலோ. ஹார்னுக்கு நான் கையைத் தூக்கினால் உள்ளேயிருந்து இரண்டு கை தெரியும்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் அக்கா போய்விட்டார். வண்டியில் இல்லை. பாதையிலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், தூக்கத்தில். நான் மேல் லைனுக்குப் போனேன். ஈப்போ பிள்ளைகள் வந்திருந்தார்கள். அண்ணனும் நானும் வாசலில் நின்றோம். இடையில் பேசுகிற ஆள் உள்ளே படுத்திருந்தார்.

ஒன்பதரை ஹார்ன் நின்றது. திங்கள், புதன், வெள்ளிகளில் அந்த நேரத்துக்கு நான் வாசல் பக்கம் பார்ப்பது நிற்க ரொம்ப நாள் ஆனது.

பட்டறையை உங்களிடம் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் கன்னியப்பன் அண்ணன் வந்தார். நீங்கள் சாமான் வாங்கப் போயிருந்தீர்கள். எண்ணெய் மாற்ற வேண்டும் என்றார். மாற்றினேன். உள்ளே பார்த்தேன். கம்பளி மடித்து நடுவில் இருந்தது. இடது கதவு அப்படியே இருந்தது.

கடைசி வேலையாக ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று தோன்றியது. வளைந்த லிவர் அவர் முழங்காலில் இடித்து இடித்து, கால்சட்டை அந்த இடத்தில் தேய்ந்திருந்தது.

"அண்ணே, இத நிமித்திக் குடுக்கவா? இனிமே எடஞ்சல்தானே."

அவர் லிவர் மேல் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"இருக்கட்டும் போமன். கை பழகிருச்சு."

சரி என்றேன். கதவைப் பற்றி நான் கேட்கவில்லை.

எழுத வேண்டியது இவ்வளவுதான். ஒரு வண்டி திரும்பத் திரும்ப ஒரே சாமானை உடைத்துக்கொண்டு வந்தால், பெரிய சாமான் போடுவதற்கு முன்னால் அதை ஓட்டுகிறவரை உட்கார வைத்துக் கேளுங்கள். போகும்போதா, வரும்போதா, பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். நீங்கள் பலப்படுத்தியதற்குப் பிறகு அடுத்து எது உடையும் என்று அவரிடம் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். வழியில் நின்றுவிட்டால் வண்டியைச் சரி செய்ய வேண்டாம், ஆளைக் கொண்டு போய்ச் சேருங்கள். உங்களுக்கு என்னைவிட நன்றாகப் பேச வருகிறது. அதைப் பட்டறையிலும் பயன்படுத்துங்கள்.

அன்று அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மழை விட்டிருந்தது. நம் பின்வாசல் சந்து உங்களுக்குத் தெரியும், மழை பெய்தால் நாலு சக்கரமும் போட்டால்தான் மேலே ஏறும். நான் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி சேற்றில் ஏறி, மேலே தார்ச்சாலையைத் தொட்டது. தொட்ட இடத்தில் லிவர் விடுபட்டு விழும் சத்தம் கேட்டது. சரியான இடத்தில்தான் எடுத்தார். அதற்குப் பிறகு, பல வருஷம் கழித்து, ஒரு ஹார்ன்.

நான் கையைத் தூக்கினேன். அங்கிருந்து அவருக்குத் தெரிந்திருக்காது.